ஸ்வெட்டருக்கு மேல் எடுத்த அளவு

குன்னூர் மார்க்கெட் படிக்கட்டுக்கு மேலே ஒற்றைத் தையல் மெஷினோடு கடை வைத்திருக்கும் ராஜகுமாரியிடம் துணி கொடுத்தவர்களுக்குத் தெரியும், அவள் அளவெடுப்பதும் வாயாடுவதும் சேர்ந்தேதான் நடக்கும். "மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. உங்க தொப்பை எனக்குத் தெரியாதாக்கும்" என்பாள். வாய்தான் அப்படி, கை படு சுத்தம். அவள் தைத்த கோட்டு பிடிக்கிறது, தொங்குகிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

பச்சை இலை விலை படுத்துப்போய், மலை முழுக்க டீ ஃபேக்டரிகள் ஒருநாள் ஓடி ஒருநாள் மூடிக் கிடந்த காலம் அது. அவள் வீட்டுக்காரர் வசந்த்குமார் இலை லாரி ஓட்டுகிறவர். இலை வந்தால்தானே லாரி? சும்மா உட்கார முடியாத மனுஷன், பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். அவர் கொண்டை ஊசி வளைவுகளை எடுக்கிற லாவகம் ஒருநாள் ஐவி மேடத்தின் கண்ணில் பட்டது. ஐவிக்குச் சொந்த ஊர் லவ்டேல். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர்.

"ஞாயித்துக்கெழம டிராக்குக்கு வந்து ஓட்டிக் காட்டுங்க. சரியா வந்துச்சுன்னா, பசங்களுக்குக் கத்துக் குடுக்குற வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

லெதர் சூட்டு, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் பள்ளியே தரும். சூட்டுக்குள் போடுகிற முதுகுக் கவசத்தை மட்டும் அவரவர்தான் கொண்டு வரவேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும். கவசம் இல்லாதவரை டிராக்கில் இறங்க விடமாட்டார்கள்.

முதுகு என்ற பேச்சை எடுத்தாலே ராஜகுமாரிக்கு அப்பா நினைப்புதான் வரும். அவள் அப்பா சுடலை, எஸ்டேட்டில் இலை மூட்டையைச் சுமந்து போகும்போது, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானில் வழுக்கி விழுந்தார். பதறி ஓடிவந்தவர்கள் தோளையும் காலையும் பிடித்து, அவரையும் இலை மூட்டையைத் தூக்குகிற மாதிரியே தூக்கி ஜீப்பில் போட்டார்கள். விழுந்ததில் பாதி, தூக்கினதில் மீதி என்று டாக்டர் சொன்னார். அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. கடைசிவரை அவரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துவிட்டது அவள்தான்.

"போறதுன்னா போங்க. ஆனா அந்தக் கவசத்த நான் பாத்துத்தான் எடுப்பேன்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

மார்கழிக் குளிரில் விடிகாலையிலேயே பைக்கில் மலை இறங்கி, கோயமுத்தூரில் கடை திறக்கும்போதே போய் நின்றார்கள். கடைக்காரர் முதலில் ஒரு பஞ்சுப் பட்டையை எடுத்து வைத்தார்.

"ஜாக்கெட்டுக்குள்ள முதுகுப் பக்கம் ஒரு பை இருக்குமுங்க. அதுல சொருகிக்கிட்டாப் போதும். நெறையப் பேரு இதைத்தான் எடுக்கறாங்க."

ராஜகுமாரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் சுலபமாக அடிவரை போனது. "இத ஜாக்கெட் தோளுக்கு வெச்சுத் தைக்கலாமுங்க. முதுகுக்கு வேற காட்டுங்க."

தோள்பட்டை வாரும் இடுப்புப் பட்டியும் வைத்து, உடம்போடு தனியாகக் கட்டுகிற கவசங்கள் வந்தன. சிலது முக்கால் முதுகோடு நின்றன. சிலது வால் எலும்பு வரை இறங்கின. தர முத்திரையில் ஒன்று என்று போட்டதைவிட இரண்டு என்று போட்டது அடியை அதிகம் தாங்கும் என்றார் கடைக்காரர். அவள் வேறு பேச்சே பேசாமல் இரண்டாம் நம்பரில் முழு நீளத்தை எடுத்தாள். இடுப்பிலிருந்து கழுத்து வரைக்குமான முதுகு நீளத்தை வைத்துத்தான் சைஸ். அதை வீட்டிலேயே அளந்து வந்திருந்தாள்.

கடைக்காரர் வசந்த்குமாரை ஒரு பார்வை பார்த்தார். "அவ்வளவு நீளம் வராதே. ஸ்வெட்டரக் கழட்டிட்டு ஒருக்கா மாட்டிப் பாத்துருங்க."

"அளவு எடுத்துத்தான் எங்க ஊட்டுல அடுப்பே எரியுது. எனக்கேவா சொல்லித் தர்றீங்க?" என்றாள் ராஜகுமாரி. வசந்த்குமார் ஸ்வெட்டரோடே மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் என்ன பேச்சு, பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிவிட்டார்கள்.

வீட்டில் அளந்ததும் ஸ்வெட்டருக்கு மேல்தான். ராஜகுமாரியின் பழக்கம் அது. ஆளை ஸ்வெட்டரோடு நிற்க வைத்து, மடித்துவிட்ட கழுத்துப் பட்டியிலிருந்து கீழே வரை அதன் மேலேயே டேப்பை ஓட்டுவாள். போதாததற்கு இரண்டு விரல் தாராளமும் விடுவாள். ஸ்வெட்டர் இல்லாத உடம்பை அந்த ஊரில் யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் வெயில் கொளுத்தியது. வசந்த்குமார் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பனியனுக்கு மேல் கவசத்தைக் கட்டி, பள்ளி கொடுத்த தொளதொள லெதர் சூட்டுக்குள் புகுந்தார். கவசம் சோதிக்கிறவர் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினார். முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும். கொடி காட்டினால் வேகம் எடுக்கலாம்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ராஜகுமாரி முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டாள். அவர் டேங்க் மேல் குனிந்ததும் பிடரிக்குக் கீழே சூட்டு புடைத்தது. ஹெல்மெட் நிமிரவில்லை. தலையைக் கோணிக்கொண்டு எதிரே பார்த்தார். நேர்ச் சாலையில் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் எதையோ கீழே இழுத்துவிட்டார். அடுத்த வளைவில் அது மறுபடியும் மேலே ஏறியது.

இந்த நிலையில் விழுந்தால் கவசத்தின் மேல் விளிம்பு கழுத்தை முட்டும், அடி முதுகில் எதுவும் நிற்காது. நிறுத்தச் சொன்னாலோ கைக்கு வந்த வேலை போய்விடும். கொடிக்காரர் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். ராஜகுமாரி ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு ஐவியிடம் ஓடினாள்.

"மேடம், அவர நிறுத்துங்க. கவசம் அளவு தப்பு."

"இப்பக் கூப்பிட்டா அவரோட முறை போயிருமுங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"போகட்டுமுங்க. அளவெடுத்தவ நான்தான். என்னோட தப்பு."

தன் அளவு தப்பென்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐவி கையைக் காட்டினார். பைக் உள்ளே வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய வசந்த்குமாரின் முகம் சிவந்திருந்தது.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள? இத்தன பேரு முன்னால மானத்த வாங்கற."

"குனிஞ்சு தலைய நிமுத்துங்க பாக்கலாம்."

அவர் நிமிர்த்தவில்லை. நிமிராது என்று அவருக்குத்தான் முதலிலேயே தெரியுமே. வேலைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அது புரிந்ததும் ராஜகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டின.

ஐவி தன் பையிலிருந்து தன்னுடைய கவசத்தை எடுத்து அவர் முதுகோடு வைத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே முதுகு நீளம். "கடைசில ஒரு முறை தர்றேன். இதப் போட்டுக்கங்க."

"பொம்பளைங்க போடறதுங்களே" என்று வசந்த்குமார் இழுத்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"முதுகெலும்புல ஆம்பள பொம்பள இருக்குதா? கையத் தூக்குங்க" என்றாள் ராஜகுமாரி. இடுப்புப் பட்டியை இழுத்துக் கட்டினாள். மூச்சு முட்டுகிறது என்றார். முட்டட்டும் என்றாள்.

கடைசி முறையில் அவர் இறங்கினார். இப்போது தலை நன்றாக நிமிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே முறை போனவர் என்ற அவசரம் ஆளை விடவில்லை. கொடி விழுந்ததும், டயர் சூடாகிப் பிடிப்பு வரும் முன்பே, முதல் வளைவில் பைக்கைச் சாய்த்தார். பின் சக்கரம் நழுவியது. பைக் தனியாகப் போனது. அவர் மல்லாந்து விழுந்து, முதுகாலேயே தேய்ந்துகொண்டு போய் ஜல்லி மண்ணில் நின்றார். அசையவில்லை.

டிராக் ஆட்கள் இரண்டு பேர் ஓடினார்கள். வேலியைப் பிடித்திருந்த ராஜகுமாரியின் கண்ணுக்கு அவர்கள் அப்பா விழுந்த கானுக்கு ஓடிய ஆட்களாகத்தான் தெரிந்தார்கள்.

"தூக்காதீங்க! யாரும் அவரத் தூக்காதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் மொத்த இடமும் திரும்பிப் பார்த்தது. அவர்கள் தூக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ கேட்டார்கள். ஒரு பூட்ஸ் அசைந்தது. அப்புறம் மற்றது. வெகு நேரம் கழித்து வசந்த்குமார் தானாக எழுந்து உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு நடக்கலாம் என்று சொன்ன பிறகு நடந்தே வந்தார்.

ராஜகுமாரி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கவசத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பிடரியிலிருந்து ஒவ்வொரு எலும்பாக விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினாள். "இங்க வலிக்குதா? இங்க?" இல்லை, இல்லை என்றார் அவர். கடைசி எலும்பு வரை கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

ஐவி தன் கவசத்தைக் குப்பைக் கூடையில் போட்டார். அடி வாங்கியதை மறுபடி போடக்கூடாதாம். "விழுந்ததுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அவசரப்பட்டீங்க, அதான் தப்பு. அடுத்த மாசம் வாங்க. உங்க அளவுல ஒண்ணு மாட்டிட்டு வாங்க" என்றார்.

குன்னூரில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது பனி இறங்கியிருந்தது. ஸ்வெட்டரோடு கட்டிலில் உட்கார்ந்த வசந்த்குமார், "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு புள்ள. இதோட விட்டர்றேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் நின்றது. வெளியே ஃபேக்டரிப் பக்கம் பார்த்தாள். அன்றைக்கும் புகை இல்லை. ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தாள்.

"ஸ்வெட்டரக் கழட்டுங்க. பனியனையும்."

அவர் கழற்றிவிட்டுக் குளிரில் முதுகைக் காட்டி நின்றார். அவள் டேப்பின் நுனியைப் பிடரி எலும்பில் வைத்தாள்.

"நடுங்காம நில்லுங்க" என்றாள்.

"நான் நடுங்கல புள்ள. உன் கைதான்" என்றார் வசந்த்குமார்.