விரியாத விரல்கள்

என் ஆய்வறைக்குள் யாரும் வருவதில்லை. பக்கத்தில் யாராவது நடந்தாலே மேசை அதிரும். மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனி உயிரணுவிலிருந்து பிய்ந்துபோகும். அரை நாள் வேலை வீண். அதனால் முதல் சில வருடங்கள் வருகிறவர்களையெல்லாம் கடிந்துகொண்டேன். பிறகு கடிந்துகொள்ளவும் ஆளில்லை.

தசை உயிரணுவின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழைய நுண்ணிய வழிகள் உண்டு. அவை திறந்தால் தசை இறுகும். உடனே மூடினால்தான் தளரும். ஒரு நோயாளியின் மரபணுவில் இருந்த ஒரே ஒரு பிழையால் அந்த வழி சரியாக மூடாமல் போவதை ஆறு வருடங்களாக அளந்துகொண்டிருந்தேன். நோயாளி எனக்கு ஒரு எண் மட்டும்தான். பெங்களூர் அல்சூரில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்வீட்டுக்காரர்கள், பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் இருந்ததால், என்னை வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்று எண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவர்களுடனும் பேச்சு குறைந்துபோனது.

ஒரு டிசம்பர் மாதம், எனக்கு ரத்த மாதிரி அனுப்பிய நரம்பியல் மருத்துவர் போன் செய்தார். அந்த நோயாளி என்னைப் பார்க்க ஆசைப்படுகிறாராம்.

மறுநாள் காலை வந்தார். நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், வேலை பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில். பழக்கதோஷத்தில் நான் கைகொடுத்தேன். அவர் விரல்கள் என் கையை விடவில்லை.

"குளிர் மேடம். தானா விட்டுடும், கொஞ்சம் பொறுங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அப்படியே நின்றோம். ஒருவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை வருடங்கள் ஆகியிருந்தன என்று நினைத்தேன்.

விரல்கள் தளர்ந்ததும், அந்த வழிகள் திறந்து மூடுவதைக் குறிக்கும் இரண்டு கோடுகளைக் கணினித் திரையில் காட்டினேன். நோயில்லாதவருடையது சட்டென்று இறங்கி உடனே பழைய இடத்துக்கு மேலேறியது. அவருடையது திரும்பி வராமல் இழுத்துக்கொண்டே போனது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் நடிக்கலன்னு இதுல தெரியுதா மேடம்?"

குளிர்காலத்தில் மெஷின் கைப்பிடியைப் பிடித்தால் அவரால் விட முடியாதாம். வேலைக்குச் சோம்பி நாடகம் போடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதையே நம்பத் தொடங்கிவிட்டார்களாம்.

"தெரியுது. நீங்க நடிக்கல" என்றேன்.

இன்னொரு தரம் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் படத்தை அச்செடுத்து, கீழே எளிய தமிழிலும் கன்னடத்திலும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறகு நரம்பியல் மருத்துவரும் அதில் கையெழுத்திட்டார்.

என் கண்டுபிடிப்பு அடுத்த வருடம் ஒரு சிறிய ஆய்விதழில் வந்தது. வெளிநாட்டில் ஒரு குழு கிட்டத்தட்ட அதையே முந்திக்கொண்டு வெளியிட்டிருந்தது. என் கட்டுரையைப் பற்றி யாரும் எனக்கு எழுதவில்லை. தான் கொடுத்த மாத்திரையில் அந்த நோயாளிக்குக் குணம் தெரிகிறது, மெஷின் பிடிக்கத் தேவையில்லாத ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அவரை மாற்றிவிட்டார்கள் என்று மருத்துவர் சொன்னார். வந்த அன்று அவர் என் போன் நம்பரைக் கேட்கவில்லை. கொடுக்க எனக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை பொம்மசந்திரா வழியாக ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, ஷிப்ட் முடிந்து சாலையைக் கடந்த கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடினேன். இருந்தாரா என்று தெரியவில்லை. பச்சை சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்துவிட்டது.