முட்டி வலி என்று பதிந்துகொண்டேன்

என் வலது முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அது தெரிந்தே ஒரு மாதத்துக்கு மேல் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவன் நான்.

உண்மையான பிரச்சினை ரத்தம். தீபாவளி முடிந்த வாரம் கழிப்பறையில் முதலில் பார்த்தேன். முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் மேல் பழியைப் போட்டேன். அடுத்த வாரம் பீட்ரூட் இல்லை, ரத்தம் இருந்தது. சரி, மூலம் என்று நானே தீர்ப்பெழுதினேன். இங்கே மலேசியாவில், பந்திங்கில் இருந்த என் அண்ணனும் தனக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டார். பெருங்குடல் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது கல்லீரல் வரை போயிருந்தது. அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவும் தெரிந்த ஆள் நேராக டாக்டரிடம் ஓடுவான் என்று நினைப்பீர்கள். நான் போனேன், ஓடவில்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக். செயலியில் பதியலாம், கடவுச்சொல் மறந்துவிட்டது. பதிவு முகப்புக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தெரிந்தவரான வசந்தி. அவர் மகன் கல்யாண விருந்தில் மைக் பிடித்தவன் நான். விருந்துகளில் ஜனங்களைச் சிரிக்கவைப்பது எனக்கு உபதொழில். சம்பந்தியின் தொந்தியைப் பற்றி மண்டபம் நிறைந்த கூட்டத்தில் கூசாமல் பேசுவேன்.

"என்ன பிரச்சினைண்ணே?" என்றார் வசந்தி. நடுவில் கண்ணாடித் தடுப்பு. கத்தித்தான் பதில் சொல்ல வேண்டும். பின்னால் வரிசை.

"முட்டி வலி" என்றது என் வாய்.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. நான் தூணோரமாக நின்றேன். கறுப்புக் கால்சட்டைதான், இருந்தாலும் அந்த வெளிர்நீல பிளாஸ்டிக்கில் ரத்தம் பட்டுவிட்டால்? கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

உள்ளே, அவசரத்திலிருந்த ஓர் இளம் டாக்டர் முட்டியை மடக்கினார், நீட்டினார். வாயைத் திறக்க எனக்கு நல்ல வாய்ப்பு. முட்டி வலிக்கிறதா என்று கேட்டார். லேசாக, என்றேன். களிம்பும் உடற்பயிற்சியும் அடுத்த சந்திப்புக்குத் தேதியும் கிடைத்தன.

என் மனைவி மல்லிகா தினமும் படுக்கும் முன் அந்தக் களிம்பைத் தேய்த்துவிட்டாள். அவள் விரல்கள் முட்டியில் சுழல, நான் கூரையைப் பார்த்தபடி காலையில் எவ்வளவு போயிற்று என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முட்டிதான் காரணம் என்று அவள் நம்பினாள்.

அடுத்த சந்திப்பில் டாக்டர் மாறியிருந்தார். டாக்டர் ஷாமினி, என் மகள் வயது. முட்டியைத் தொடவே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், விரலில் ஊசி குத்தினார். ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பைத் தந்து பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு.

"முட்டி நல்லாத்தான் இருக்கு அங்கிள். ரத்தம் எங்க போகுது?"

மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் பெயரை நான் சொல்லவில்லை, மல்லிகா சொன்னாள். டாக்டர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். பெரிய மருத்துவமனைக்கான கடிதத்தின் மேல் 'அவசரம்' என்று தட்டுவதைப் பார்த்தேன்.

காருக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள்: "இவ்ளோ நாளா நல்ல முட்டியையா தேச்சுக்கிட்டு இருந்தேன்?"

பெரிய மருத்துவமனையில் கொலோனோஸ்கோபிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) நாள் கொடுத்தார்கள். இதற்குத் தயாராகப்போகும் உங்களுக்கு என் அனுபவம். ரத்தக் குறைவுக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தினார்கள். கீரை, பயறு கூடாது. சிவப்புப் பானம் கூடாது, ரத்தம்போல் தெரியும். ஆகவே ரோஸ் சிரப்புக்கும் விடுமுறை. பால் சேர்க்காத தேநீர் கூடும். குடலைக் கழுவும் மருந்து கலந்த தண்ணீரைக் குடித்தபின் கழிப்பறையிலிருந்து தூரமாக உட்காரும் துணிச்சல் வேண்டாம்.

மயக்க ஊசி என்னை முழுதாகச் சாய்க்கவில்லை. திரையில் என் உட்புறம் ஈரமாக, இளஞ்சிவப்பாக ஓடியது. ஒரு வளைவில் கேமரா நின்றது. காளான்போல் ஒரு பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைக்கட்டி). கம்பி வளையம் அதன் கழுத்தைச் சுற்றி இறுகுவதைப் பார்த்தேன். வலிக்கவில்லை. அண்ணனுக்கும் ஒரு காலத்தில் இது இவ்வளவுதான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த வாரங்களில் தொலைபேசி மணி கேட்டாலே மல்லிகா அடுப்பை அணைத்துவிடுவாள். அழைத்தவர்களில் பலர் கடன் அட்டை விற்பவர்கள்.

கட்டி புற்றாக மாறத் தொடங்கியிருந்தது, ஆனால் எல்லை தாண்டவில்லை. முழுதாக எடுத்தாகிவிட்டது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மல்லிகா என் முட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

இப்போது நாட்காட்டி எனக்கு மாதங்களாகத் தெரிவதில்லை. அடுத்த குழாய்க்கு முன், பின் என்று இரண்டாகத்தான் தெரிகிறது. மேடையில் வயிற்றைப் பற்றிப் பேசும்போது கை தானாக அடிவயிற்றுக்குப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. அங்கே எனக்குத் தெரியாமல் வேலை நடக்கலாம் என்ற மரியாதை வந்துவிட்டது.

போன வாரம் ரத்தச் சோதனைக்கு நாள் வாங்க அதே முகப்புக்குப் போனேன். இம்முறை கோழையாக இருப்பதில்லை என்ற முடிவோடு கண்ணாடியருகே குனிந்து, வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "மலத்துல ரத்தம் போய், பெருங்குடல்ல கட்டி எடுத்தாங்க. அதுக்கு ஃபாலோ-அப். அன்னிக்கு முட்டி வலின்னு சொன்னது பொய்."

வசந்தி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முட்டி வலிங்கறவரு உக்காராம தூணுக்குக் காவல் நின்னப்பவே தெரியும்ணே. இங்க வர்ற ஆம்பளைங்க பாதிப் பேருக்கு முட்டி வலிதான். அடுத்தவங்க வரட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."