பின்னிருக்கைக்கு இன்சூரன்ஸ் இல்லை

எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. நான் இருக்கும் பைக் பயணக் குழுவில் வாரம் ஒருவராவது கேட்கிறார்: இலங்கைக்கு நம் வண்டியைக் கொண்டுபோனால் இன்சூரன்ஸுக்கு என்ன செய்வது? இணையத்தில் பதில் எழுதியவர்கள் "ரொம்ப சுலபம்" என்று ஒரு வரி எழுதி, தேயிலை மலைப் படம் நான்கு போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் போனவன் நான்.

போனது கடந்த மார்ச்சில். அங்கேயே வாடகைக்குப் பைக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் மலையகத்தில், நானுஓயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா இருக்கிறாள். எனக்கு ஒன்பது வயதில், இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி எங்கள் குடும்பத்தை அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மணமாகியிருந்த அக்கா, கணவரின் குடியுரிமைக் காகிதப்படி அங்கேயே நின்றாள். காகிதத்தால் எங்களைப் பிரித்தவர்களையும், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொடுத்துக் கிளம்பிய அப்பாவையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. இடையில் இரண்டு முறை அவளைப் பார்த்தேன். இரண்டும் சாவு வீடு. நான் வண்டி வாங்கியதிலிருந்து போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "ஒன் வண்டியில பின்னாடி உக்காந்து ரம்பொட கோயிலுக்குப் போகணும்டா." குன்னூரில் அவளுக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கினேன்.

வண்டி தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் போனது. நாடு விட்டு நாடு போகும் வண்டிக்கான கார்னே ஆவணம் முன்பே எடுத்திருந்தேன். கூடுதல் பணம் கட்டி, இங்குள்ள பாலிசியை இலங்கைக்கும் நீட்டித்திருந்தேன். கொழும்பில் அதை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளூர்க் கம்பெனியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால்தான் வண்டி வெளியே வரும் என்றார்கள். பதினான்கு நாளுக்கு இலங்கைக் காசில் 6,200 ரூபாய். காலை 9.30க்குப் போனவனுக்கு மாலை 3.40க்குச் சான்றிதழ் கிடைத்தது. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். முதுகலை படித்தவன், ஒரு வரி வாசிக்கவில்லை.

மறுநாள் ஹட்டன், 131 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். அக்காவையும் பாலிசியில் சேர்த்துவிடலாமென்று அந்தக் கம்பெனியின் கிளைக்குப் போனேன். மேசையில் இருந்த இளம்பெண் சான்றிதழை இரண்டு முறை வாசித்தாள்.

"இது நீங்க யாரையாச்சும் இடிச்சா அவங்களுக்குத்தான் சேர். பின்னுக்கு உக்கார்றவங்களுக்கு இல்ல."

"இப்போ சேர்த்துக்கலாமா?"

"உள்ளூர் வண்டின்னா இப்பவே போட்டுத் தருவேன். வெளிநாட்டு வண்டிக்கு கொழும்புல எறங்குறப்பவே கேட்டிருக்கணும். இதுல பாருங்க, யாரையும் ஏத்த மாட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யாரு சேர் வர்றது?"

"அக்கா."

"அப்ப பஸ்ல ஏத்தி விடுங்க. பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்றுகொண்டே அக்கா கேட்டாள். "கப்பல்ல கொண்டாந்து சும்மா நிறுத்தி வைக்கவாடா இந்த வண்டி? நாப்பது வருசமா மலையில கொழுந்து எடுத்தேன். குளவி கொட்டுச்சு, அட்ட கடிச்சுச்சு. எனக்கு எவன் இன்சூரன்ஸ் போட்டான்?"

"எழுதிக் கொடுத்துட்டேன்க்கா."

"நீங்க எழுதிக் குடுக்குற பரம்பர."

மறுநாள் காலை 7.10க்கு அவள் பஸ்ஸில் போனாள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. "என்னம்மா, நீங்கதான் பஸ் ஓட்டப் போறீங்களா?" என்றாராம் கண்டக்டர். நுவரெலியாவில் பஸ் மாறி, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கோயில் இருக்கும் இறம்பொடை வரை 31 கிலோமீட்டர், முழுக்க வளைவு. நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் பின்கண்ணாடிக்குள் அவள் முகம் திரும்பிப் பார்த்தது. முந்திப் போக இடமிருந்தும் போகவில்லை.

தரிசனம் முடித்து அதே மாதிரி திரும்பினோம். தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது மணி மூன்று. அங்கிருந்து லயத்துக்கு மேல்நோக்கி மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 500 ரூபாய். நான் ஆட்டோவைக் கைகாட்டினேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஓட்டு. விழுந்தா என் தலையெழுத்துன்னு நானும் எழுதித் தாரேன்."

ஒன்பது வயதில் எங்களை ஏற்றிய லாரி இந்தப் பாதையில்தான் கீழே இறங்கியது. அன்று மூன்றாவது வளைவு வரை அக்கா கூடவே ஓடிவந்தாள். இப்போது அதே வளைவில் அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. பன்னிரண்டு நிமிடம். லயத்து வாசலில் இறங்கி, "அதுக்குள்ள வந்துருச்சா?" என்றாள்.

போகிறவர்களுக்கு: இங்கே நீட்டித்த பாலிசியை மட்டும் நம்பாதீர்கள். கொழும்பில் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். பின்னிருக்கைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமென்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். விதிகள் மாறும், கம்பெனியிடமே விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்க்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். விழுந்திருந்தால் அக்காவின் வைத்தியத்துக்கு ஒரு காசுகூட வந்திருக்காது. இரவெல்லாம் அதை நினைத்தேன். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

யாரையும் ஏற்ற மாட்டேன் என்று கொழும்பில் போட்ட கையெழுத்தை நான் காப்பாற்றவில்லை. ஆகவே இதன் கீழே இன்னொன்று போடப் போவதில்லை. பெயரில்லாமலே பதிகிறேன்.