சிங்காரண்ணனின் முழங்கால்

சிங்காரண்ணனின் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினால் போதும், கால் குதிரை மாதிரி உதைக்கும். எங்கள் ஊர் தோணிரேவில் இந்த வேடிக்கையை நடத்திவந்தவன் நான்தான். அவரும் சளைத்தவர் இல்லை. "தட்றா, எவன் மூக்கு போவுதுனு பாக்கலாம்" என்பார்.

ஒருமுறை படகைக் கரையேற்றும்போது அது சாய்ந்து அவர் முதுகெலும்பில் அடித்தது. அதிலிருந்து கால்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. படுத்தால் விறைத்து வெட்டி வெட்டி இழுக்கும், தூக்கம் கிடையாது. ஆனால் அந்த விறைப்பை வைத்துத்தான் பிழைத்தார். திரௌபதி அண்ணி தூக்கி நிறுத்திவிட்டால், பாய்மரத்தில் சாய்ந்து, இரண்டு கட்டை ஊன்றினது போல நின்று கழியால் படகு தள்ளுவார்.

எண்பத்தெட்டில் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் விறைப்பைத் தளர்த்தும் புது மருந்தை அவர் முதுகுத்தண்டுக்குள்ளேயே ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். "மாத்திரை உடம்பெல்லாம் சுத்திட்டு வரும். இது நேரா தண்டுவடத்துக்கே போவும், கொஞ்சமே போதும்" என்றார் டாக்டர்.

"நாளைக்குப் பாடு சீட்டு சார். அதுக்குள்ள மருந்து வேகம் எறங்கிடுமா?" என்றாள் அண்ணி.

"காலைலேயே எறங்கிடும்மா."

ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போடும் நாள் அது. பேர் கூப்பிடும்போது பங்கு உள்ளவன் தன் படகில் கழியோடு நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் அந்த வருஷம் பங்கு அடுத்தவனுக்கு. இது எங்கள் ஊர் வழக்கம்.

சாயங்காலம் டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. கணுக்காலை மடக்கினார். குழந்தையின் கால் மாதிரி மடங்கியது. அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் மூன்று பேரும் பொன்னேரி பஸ் பிடித்து ஊர் சேர்ந்தோம். நேராகப் படகுக்குத் தூக்கிப்போய் நிறுத்தினோம். அண்ணன் அப்படியே சரிந்தார்.

"ரெண்டும் ஈர வலையாட்டம் மடங்குதே" என்று அண்ணி முனகினாள்.

கரையில் நாட்டாண்மை திருவேங்கடம் பேர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் நிற்காவிட்டால் அந்தப் பங்கைப் பெறக் காத்திருந்த ஆதிகேசவன் கழியோடு எங்கள் படகையே பார்த்தபடி நின்றான்.

நான் குனிந்து தட்டினேன். அசைவில்லை.

"இன்னா நைனா, மருந்து எறங்கலியா?" என்றார் அண்ணன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எறங்குதுண்ணே, நடந்து வருது போல."

மறுபடி தட்டினேன். கட்டை விரல் மட்டும் ஒரு துடி துடித்தது.

"சிங்காரம்!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

அண்ணி கால்களைத் தேய்த்தாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். தொடைச் சதை லேசாக அசைந்தது போலிருந்தது.

"சிங்காரம்! மூணாவது கூப்பாடு இல்ல, சொல்லிட்டேன்!"

இன்னொரு தட்டு. கால் சீறி எழுந்து என் வாயில் ஒரு உதை விட்டது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"வந்துடுச்சு! தூக்குங்கடி!" என்று என்னையும் சேர்த்துச் சொன்னார் அண்ணன்.

தூக்கினோம். தொடை இறுகியது. கணுக்கால் படபடவென்று அடித்துக்கொள்ள, படகே கிடுகிடுத்தது. பாய்மரத்தில் முதுகைக் கொடுத்து, கழியைப் பிடித்து நின்றார்.

"இருக்கேன் நாட்டாமை!"

திருவேங்கடம் சீட்டுப் பானையை நீட்டினார். ஆதிகேசவன் கழியைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்கள் படகு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது அண்ணன், "டாக்டராண்ட சொல்லணும்டி, அடுத்த தபா பாதி மருந்து போதும்னு. ராவுல தூங்கணும், பகல்ல நிக்கணும்" என்றார்.

அண்ணி முந்தானையால் என் உதட்டை அழுத்தித் துடைத்தாள். "எரியுதாடா?"

"இல்ல அண்ணி" என்றேன். நன்றாகவே எரிந்தது.