பீன்ஸ் நறுக்கும் கை எங்கே நிற்கிறது?

மாலையில் மாம்பலத்தில் ரயில் ஏறினால், தாம்பரம் வரும்வரை எங்கள் பெண்கள் பெட்டியில் இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்குவது. இன்னொன்று, கதை கேட்பது. ஜன்னலோரம் உட்காரும் இன்சூரன்ஸ் ஆபீஸ் அக்கா தடிமனான குடும்ப நாவல் ஒன்றை உரக்க வாசிப்பார். எதிர் சீட்டில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அம்மா மடியில் செய்தித்தாளை விரித்து பீன்ஸ் நறுக்குவார். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

மாட்டிக்கொண்டவள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சிறுபத்திரிகைகளில் கதை எழுதுகிறவள். அந்த நாவலிலோ கதாநாயகனுக்குக் கோபம் வந்தால் தாடை இறுகும். கதாநாயகியின் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அடுத்த பக்கத்தில் மறுபடியும் தாடை இறுகும். இவனை யாராவது ஒரு பல் டாக்டரிடம் காட்டக் கூடாதா என்று எனக்கு இருக்கும். காதில் பாட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டேன். மாமனாரின் மூக்குக்கண்ணாடி மேல் தெரியாமல் உட்கார்ந்து உடைத்துவிட்ட மருமகள், அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மாமியார் உலை வைத்துவிட்டு அரிசி எடுக்கப் போகிறாள். அவ்வளவுதான் காட்சி. பல்லாவரம் தாண்டும்போது, அதுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சரக் சரக் சத்தம் நின்றது. பார்த்தால், அந்த அம்மாவின் கத்தி பாதி பீன்ஸில் நிற்கிறது.

"ஐயோ, இன்னிக்கின்னு பாத்து அவளே அரிசி எடுக்கணுமா?" என்றார் அவர்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னதான் செய்கிறார் இந்த எழுத்தாளர் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை அக்காவிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். "உனக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஞாயிறு முழுக்கப் படித்தேன். பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. அந்த நாவலில் சும்மா இருக்கிற ஆளே கிடையாது. பொழுது சாய்வதற்குள் ஒருத்திக்குக் கண்ணாடி கிடைத்தாக வேண்டும், ஒருத்திக்கு மகன் வந்து சேர்ந்தாக வேண்டும். பால்காரருக்குக்கூடப் பசுவைத் தேடும் வேலை இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். அந்திவானத்தைப் பற்றி நாவலாசிரியர் விரிவாகவே எழுதியிருந்தார். நான் கேட்டவரை அதெல்லாம் ரயிலில் காதில் விழுந்ததே இல்லை. வானம் வந்தால் அக்கா "சரி, சாயங்காலம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார் போலிருக்கிறது.

என் முதல் தொகுப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய வாரம் அது. எந்தக் கதையை முதலில் வைக்கப் போகிறேனோ அதை அக்காவிடம் கொடுத்து, "இதையும் ஒருநாள் வாசிங்களேன் அக்கா" என்றேன். பாராட்டு வேண்டும் என்றில்லை. அந்தக் கத்தி ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும்.

கதை இதுதான். தீபாவளிக்கு முந்தின நாள், பெருங்களத்தூரில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்த ஒருத்தி, அம்மா வீட்டுக்குப் போவதா, திரும்பிவிடுவதா என்று நிற்கிறாள். மழை பிடிக்கிறது. பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் அவள் மேல் விழுகிறது. முற்றும்.

அக்கா நன்றாகத்தான் வாசித்தார். கிண்டி வந்தது, பரங்கிமலை வந்தது. கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் இழைத்து இழைத்து நான் எழுதிய மழைப் பத்தி வந்தபோது, அக்கா கண்ணை மட்டும் அதன் மேல் ஓட்டிவிட்டு, "சரி, நல்ல மழை" என்று தாண்டிப் போனார். குரோம்பேட்டையில் கதை முடிந்தது.

"பஸ் ஏறினாளா இல்லியா?" என்றார் பீன்ஸ் அம்மா.

"அதை படிக்கிறவங்க முடிவுக்கு விட்டிருக்கேன்மா" என்றேன். இலக்கியக் கூட்டங்களில் இப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள்.

"நாங்க இன்னா முடிவு பண்றது? எழுதினது நீதானே. உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாதும்மா."

கத்தி நின்றுவிட்டது. அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. நிஜமான கவலை.

"கைல கொழந்த வேற கீதேம்மா. மழைல நிக்க வெச்சுட்டு நீ பாட்டுக்கு வந்துட்டியா? ராத்திரிக்கு அதுக்கு இன்னாத்த குடுப்பா?"

தாம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். படிக்கட்டு நெரிசல் குறையட்டும் என்று பிளாட்பாரத்தில் நின்று, அக்கா திருப்பிக் கொடுத்த என் கதையின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். குழந்தை இருந்தது. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. முடிவு அழகாக இருக்குமே என்று கடைசித் திருத்தத்தில் நான்தான் அதைச் சேர்த்திருந்தேன். அதற்குப் பசிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.