கடலில்லாத ஊரில் ஒரு கப்பல்துறைச் சுவர்

துறைமுகச் சுவர்களைத் தேடி அலைவது என் பைத்தியம். கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் பழைய ஸ்டோர் யார்டில், அசல் கப்பல்துறை போலவே ஒரு கருங்கல் சுவர் இருப்பதாக நண்பர் படம் அனுப்பினார். கடலில்லாத ஊரில் கப்பல்துறையா! செப்டம்பரில் ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து பங்காருபேட்டைக்கு ரயிலில் எழுபது கிலோமீட்டர். அங்கிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு இன்னொரு வண்டி. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். எண்பதில் ஆரம்பிப்பார்கள், அசராதீர்கள்.

சுவரைப் பார்த்ததும் குதித்தே விட்டேன். நெஞ்சளவு உயரம், நூறு மீட்டர் நீளம், தாள்கூட நுழையாத இணைப்புகள்! சென்னைக்குக் கப்பலில் வந்த இயந்திரங்கள் ரயிலேறி இங்கேதான் இறங்குமாம். வேகனின் தளமும் சுவரின் மேல்மட்டமும் சமம், உருட்டினால் போதும்.

அன்று உருட்ட வேண்டியிருந்தது மாதா தேரை. யார்டு கொட்டகையில் இருக்கும் தேரை ஆண்டுதோறும் இந்தச் சுவரிலிருந்துதான் லாரியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முதன்முறையாகப் பொறுப்பு பெண்கள் கையில். விழாக் குழுத் தலைவி ஸ்டெல்லா, பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். ஐந்து மணிப் பூசைக்குத் தேர் போகாவிட்டால் அடுத்த வருடம் பொறுப்பு மறுபடி ஆண்களிடம். வாடகை லாரியோ சுவரைவிட நாலு விரல் உயரம். பலகை போட்டால் தேர் சாயும்.

“மட்டம் பாக்காம லாரி புடிச்சா இப்டித்தான்,” என்று சிரித்தார் போன வருடத் தலைவர் அந்தோணி. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பழைய சகாக்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லா லாரியையும் வேடிக்கை பார்த்த எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “எல்லாரும் லாரில ஏறுங்க! வெயிட்டுக்கு வண்டி எறங்கட்டும்! இன்னா சார், போட்டோ எடுத்துகினு கீறீங்க? நீங்கதான் மொதல்ல ஏறணும்!”

வீட்டில் தினமும் திட்டு வாங்கும் என் தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை. ஏறினேன். லாரி இறங்கியது, ஆனாலும் இரண்டு விரல் பாக்கி.

“அந்தோணிண்ணா, கேஜ் கூண்டுல ஒட்டிகினு நின்னு சுரங்கத்துல எறங்கினவங்கதானே நீங்கள்லாம்? வந்து நில்லுங்க, பாக்கலாம்!”

அதற்குமேல் அவரால் உட்கார முடியுமா? ஏறினார், கூட இருந்தவர்களும் ஏறினார்கள். லாரியின் பின்பக்கம் இரு ஓரமும் தோளோடு தோள் நெருக்கி நின்றோம். மட்டம் சேர்ந்தது. தேர் ஒரு குலுக்கலும் இல்லாமல் உள்ளே உருண்டது. நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது.

“எறங்குங்கண்ணா,” என்றார் ஸ்டெல்லா.

“எறங்கினா எப்டி? கோயில் மேடையும் இதே ஒசரம்தானே? வண்டிய எடுக்கச் சொல்லும்மா,” என்றார் அந்தோணி.

போகிறவர்களுக்கு: வாசலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நிழலும் இல்லை, கடையும் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் திருவிழா நாளில் போங்கள். வெறும் சுவரை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால் எனக்குப் பாதி சந்தோஷம்தான் கிடைத்திருக்கும்.

பூசை மணிக்கு முன்பே தேர் கோயிலில் இறங்கிவிட்டது. ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தோணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அடுத்த வருஷமும் ஸ்டெல்லாவே பாக்கட்டும். லாரி மட்டும் நான் புடிக்கறேன்.”