பத்துக்கு இரண்டு

இந்தியப் பெண்கள் ரக்பி அணிக்காக நான் ஆடிய முதல் சர்வதேச ஆட்டம் முடிந்து, தோளில் கட்டோடு கே.கே. நகர் வீட்டில் படுத்திருந்தேன். அண்ணன் ஃபோனை நீட்டினான். சென்னை ரக்பி ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் மார்க் போட்டிருந்தார். எனக்குப் பத்துக்கு இரண்டு. பக்கத்தில் ஒரு வரி: 'ஆள் மேலே வந்தாலே ஒதுங்குகிறாள். பயம்.'

இரண்டாம் பாதி தொடங்கியதுமே என் வலது காறை எலும்பு விரிசல் விட்டிருந்தது. உள்ளே இறக்க மாற்று ஆள் யாரும் மிச்சமில்லை. வாயைத் திறக்காமல் இடது தோளை மட்டும் நம்பிக் கடைசிவரை ஆடினேன். வலது பக்கமாக வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், உண்மைதான். ஆனால் பயமா?

அந்த வரியை அப்பாவும் படித்துவிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர். ரக்பி ஆட்டம் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை. சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மா, பயந்துக்கினியா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

எலும்பு கூடும்வரை, மார்க் போட்ட அந்த ஆள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூர் கடற்கரையில் நண்பர்களோடு டச் ரக்பி ஆடுவாராம். அதில் கையால் தொட்டால் போதும், யாரையும் கீழே தள்ளக் கூடாது. டாக்டர் ஆடலாம் என்றதும் அங்கே போய் நின்றேன். அவர் என்னைவிட ஒரு தலை உயரம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"டேக்கிளோட, ஆளைப் புடிச்சுச் சாய்ச்சு ஆடலாமா சார்?"

"ஆடலாமே. பாத்து மேடம், அடிபட்டுடப் போகுது" என்று சிரித்தார்.

பந்தோடு வந்தார். குனிந்து, அடிபட்ட அதே தோளை அவர் தொடையில் கொடுத்து, காலைச் சேர்த்துப் பிடித்துச் சாய்த்தேன். விதிப்படிதான். வாயில் போன மணலைத் துப்பிக்கொண்டு எழுந்தார். மறுபடி வந்தார், மறுபடி சாய்த்தேன். அதற்குப் பிறகு பந்து கைக்கு வந்தாலே அவசரமாக வேறு யாருக்காவது வீசினார். பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது.

"யாருங்க நீங்க?" என்றார், மூச்சு வாங்க.

சொன்னேன். எலும்பைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"சாரிங்க. நான் மேட்ச் முழுசா பாக்கல. ஹைலைட்ஸ்தான் பாத்தேன்."

அதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. "எங்கிட்ட வேணாம். எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

அன்று மாலையே வந்தார். அப்பா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முழுதாகப் பார்க்காமலே எழுதியதைக்கூட மறைக்கவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார், அண்ணனை டீ வாங்கிவரச் சொன்னார்.

"அட, வுடு சார். எம்பொண்ணு பயப்பட மாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்."

இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதியவர் யாரோ ஓர் ஆள், அவரை மணலில் சாய்த்தாகிவிட்டது. அவர் எழுதியதை நம்பி என்னைக் கேட்டவர் அப்பா. அந்த மாலை முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.